கயித்தில பாரம் இருக்கா எண்டு முதுகு சொல்லும்

போன வருஷம் எங்கட பெடியள் அஞ்சாறு பேர் சேந்து திருக்கோணமலை உப்புவெளிக் கடற்கரையில ஒரு குறும்படம் எடுத்தம். கதை பெருசா ஒண்டுமில்ல, கரைவலை இழுக்கிற ஒரு குடும்பம், கடன், ஊர விட்டுப் போகப் பாக்கிற ஒரு மகன், அவ்வளவுதான். முதல் சீனே வலை இழுக்கிறது. உண்மையான வலையில எடுப்பமெண்டு கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருத்தரிட்ட கேட்டம், அவர் சிரிச்சிட்டுப் போயிட்டார். கடைசியில ஒரு நீளக் கயித்த வாங்கி, ஒரு நுனிய தண்ணிக்குள்ள போட்டிட்டு, மற்ற நுனிய எட்டுப் பேர் பிடிச்சு இழுக்கிற மாதிரி எடுத்து முடிச்சம். முகத்தச் சுளிச்சு, பல்லக் கடிச்சு, ஏலேலோ பாடி, எங்களுக்கெண்டா சும்மா கலக்கல் சீன். எடிட் பண்ணி வீட்டில போட்டுக் காட்டினன். என்ர மாமா, அம்மாட தம்பி, இளந்தாரி வயசில சங்கு குளிக்கப் போனவர், பிறகு கரைவலையிலயும் நிண்டவர், பிளேன்ரீயும் கையுமா பத்துச் செக்கன் பாத்திட்டு ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "கயித்தில ஒண்டுமில்லையேடா."

அவ்வளவுதான், படம் முடிஞ்சுது.

எப்பிடி மாமா தெரியும் எண்டு கேட்டா "முதுகு சொல்லுதே" எண்டார். அதுக்குப் பிறகு நான் அந்த சீனையும் விடியக் காலமை உண்மையா வலை இழுக்கிற ஆக்களையும் மாறி மாறிப் பாத்தன், விளங்கிச்சு. உண்மையா பாரம் இருக்கேக்க கை இழுக்கிறதே இல்ல. குதிக்கால் மணலுக்குள்ள புதையும், இடுப்பு பின்னால போகும், உடம்பு முழுக்க ஒரு சரிவா நிக்கும், கயிறு இல்லாட்டி அந்த ஆள் மல்லாக்க விழுந்திடுவார், அப்பிடி ஒரு சரிவு. கை சும்மா கொழுவின மாதிரித்தான் இருக்கும். எங்கட பெடியள் எல்லாம் நிமிந்து நிண்டு கையாலயும் முகத்தாலயும் இழுத்திருக்கிறாங்க, பின்னால சரிஞ்சா விழுந்திடுவம் எண்டு உடம்புக்குத் தெரியும், அதால சரியேல்ல. உடம்பு பொய் சொல்ல மாட்டன் எண்டு நிண்டிட்டுது, முகம் மட்டும் தனிய நிண்டு நடிச்சிருக்கு.

படத்தில ஒரு சண்டையோ ஓட்டமோ ஒரு மூட்டை தூக்கிறதோ சில நேரம் நிஜமா இருக்கிற மாதிரி நெஞ்சில இடிக்கிறதும், சில நேரம் எவ்வளவு கோடி கொட்டினாலும் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியிறதும் ஏன் எண்டதுக்கு எனக்கு இதுதான் வாசல். "அவர் டூப் போடாமத் தானே செஞ்சார்" எண்டு சனம் பெருமையாச் சொல்லும், அது விளம்பரத்துக்கு நல்லம், ஆனா திரையில அது தெரியாது. தெரியிறது ஒண்டே ஒண்டு, அந்த உடம்பு எதோட முட்டுப்படுது எண்டது. பாரம், சரிவு, காத்து, தண்ணி, களைப்பு, எதிர்ல நிக்கிறவன்ர உடம்பு, இதுகளில ஏதோ ஒண்டு அங்க உண்மையா இருக்கோணும்.

இத ஆராய்ச்சிக்காரரும் சோதிச்சுப் பாத்திருக்கிறாங்க. 1973இல சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்சன் ஆக்களட தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எண்டு மூட்டு மூட்டா சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிய வச்சு, இருட்டில நடக்க விட்டு அந்தப் புள்ளிய மட்டும் படமாக் காட்டினார். முகம் இல்ல, உடுப்பு இல்ல, பத்துப் பன்ரெண்டு புள்ளிதான், ஆனா பாத்த ஆக்கள் ஒரு செக்கனுக்குள்ளயே "மனுசன் நடக்கிறான்" எண்டு சொல்லிப்போட்டாங்க. பிறகு ரூனசன், ஃப்ரிக்ஹோல்ம் எண்ட ரெண்டு பேர் 1981இல அதே புள்ளி வச்சு பெட்டி தூக்கிறதக் காட்டினா, பெட்டி எவ்வளவு பாரம் எண்டே சனம் கிட்டத்தட்டச் சரியாச் சொல்லுது எண்டு காட்டினாங்க. 1983இல அவங்களே இன்னும் ஒரு படி போய், பாரம் கூட இருக்கிற மாதிரி நடிச்சுத் தூக்கச் சொன்னா என்ன நடக்கும் எண்டு பாத்தாங்க, நடிப்பும் தெரிஞ்சுது, உண்மைப் பாரமும் தெரிஞ்சுது. மாமா சொன்ன "ஒண்டுமில்லையேடா" இதுதான். எங்கட படங்களில ஸ்டேஷன் சீனில ஹீரோயின் சூட்கேஸத் தூக்கி ஆட்டிக்கொண்டு வாறதப் பாக்கேக்க உங்களுக்கும் உள்ள ஏதோ குறுகுறுக்கும் பாருங்க, அதுவும் இதுதான், உள்ள ஒரு சட்டை கூட இல்ல எண்டு அவட தோள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வருது. இருநூறு ரூவாக்கு நாலு கல்லப் போட்டா முடிஞ்சுது, ஏன் போடுறாங்க இல்ல எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

இன்னொண்டு, இது எல்லாருக்கும் ஒரே அளவில தெரியாது. 2005இல லண்டனில செய்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில பாலே ஆடுறவங்களுக்கும், கப்போய்ரா எண்ட பிரேசில் சண்டைக்கலை தெரிஞ்சவங்களுக்கும் ரெண்டு வீடியோவையும் போட்டுக் காட்ட, அவங்கவங்க பழகின அசைவப் பாக்கேக்க அசைவோட சம்பந்தப்பட்ட மூளைப் பகுதி கூட வேலை செஞ்சுதாம். அதாவது செஞ்சு பழகின உடம்பு, பாக்கேக்கயும் கூடப் பாக்குது. எனக்கு கிரிக்கெட் படத்தில மட்டை பிடிக்கிறதப் பாத்தாலே வயிறு எரியும், மாமாக்கு அது பிரச்சினையே இல்ல, ஆனா கயிறு, தண்ணி, தோணி வந்தா மனுசன் நீதிபதி மாதிரி நிமிந்து இருப்பார்.

ஊமைப்படக் காலத்தில இதுக்கு ரெண்டு நல்ல உதாரணம் இருக்கு, ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாக்கோணும். பஸ்டர் கீட்டன் 1928இல எடுத்த படம் ஒண்டில புயல் அடிக்குது, ஒரு முழு வீட்டுச் சுவர் அப்பிடியே அவருக்கு மேல விழுது, மாடி ஜன்னல் ஓட்டை சரியா அவர் நிக்கிற இடத்தில வாறதால தப்புறார். சுவர் உண்மை, பாரமும் உண்மை, ஒரு அடி தள்ளி நிண்டிருந்தா ஆள் இல்ல. மற்றவர் ஹரோல்ட் லாய்ட், 1923 படத்தில உயரமான கட்டிடத்தில மணிக்கூட்டு முள்ளில தொங்குவார், உலகமே அறிஞ்ச காட்சி. அது அவ்வளவு உயரத்தில இல்ல, கட்டிடங்களட மொட்டை மாடியில ஒரு பொய்ச் சுவர் கட்டி, கீழ ஒரு மேடையும் மெத்தையும் போட்டு, கீழ இருக்கிற ரோட்டுத் தெரியிற மாதிரி கமராவ வச்சு எடுத்தது. தூரத்துக் காட்சியளுக்கு வேற ஆள் ஏறினார். ஆபத்துக் கணக்கில பாத்தா கீட்டன்தான் நிஜம், லாய்ட் டூப்பு. ஆனா எனக்கு ரெண்டும் ஒரே அளவு வயித்தப் பிசையுது, லாய்ட் இன்னும் கொஞ்சம் கூட. ஏனெண்டா உயரம்தான் பொய், ஏறுற வேலை பொய் இல்ல, விரல் தேடுறது, சப்பாத்து வழுக்கிறது எல்லாம் உண்மை. அந்தாளுக்கு 1919இல ஒரு விபத்தில வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் போயிட்டுது, செயற்கை விரல் வச்ச கையுறையோடதான் தொங்கினார். அத பாக்கிறவனுக்கு யாரும் சொல்லேல்ல, ஆனா பிடிக்கக் கஷ்டப்படுற கை எப்பிடி இருக்கும் எண்டது அதில இருக்கு.

எங்கட நாட்டிலயே இதுக்கு ஒரு வேடிக்கையான சோடி இருக்கு. க்வாய் நதிப் பாலம் பற்றின இங்கிலீஷ் படத்த 1957இல டேவிட் லீன் கித்துல்கலையில எடுத்தார், ஆத்துக்குக் குறுக்க உண்மையாவே மரப்பாலம் கட்டி, உண்மையா ஒரு ரயிலும் விட்டு வெடி வச்சு விழுத்தினாங்க. பிறகு 1984இல வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்துக்கு விக்டோரியா அணைக்கட்டுப் பக்கம் தொங்கு பாலம் கட்டி அறுத்து விட்டாங்க, அதிலயிருந்து கைகால அடிச்சுக்கொண்டு விழுறவங்க மோட்டர் வச்ச பொம்மையள். பாலம் உண்மை, ஆக்கள் பொம்மை! ஆனா சின்ன வயசில வீசிடி தேயத்தேயப் பாத்தும் எனக்கு ஒருக்காலும் பொம்மை எண்டு படேல்ல, அந்தப் பாலம் அறுந்து சுவரில போய் அடிக்கிற பாரம் அவ்வளவு உண்மை, அது பொம்மையளுக்கும் கொஞ்சம் உயிரக் கடன் குடுத்திட்டுது.

சண்டைக்கு வருவம், எல்லாரும் அடிக்கிறவனத்தான் பாக்கிறம். உண்மையில ஒரு அடிய நிஜமாக்கிறது வாங்கிறவர். ஹீரோட கை முகத்துக்கு நாலு விரல் தள்ளித்தான் போகுது, கமரா பக்கத்தில இருந்து பாக்கிறதால பட்ட மாதிரி இருக்கு, ஆனா தலை எந்தப் பக்கம் திரும்போணும், எவ்வளவு வேகத்தில திரும்போணும், திரும்பின தலைக்குப் பின்னால தோளும் இடுப்பும் காலும் எந்த ஒழுங்கில போகோணும் எண்டத அந்தப் பேர் தெரியாத ஸ்டண்ட் அண்ணாதான் செய்யிறார். கை வர முதலே தலை திரும்பினா சிரிப்பு, ஒரு துளி பிந்தினாலும் சிரிப்பு. இந்த ஆக்களுக்கு இந்தியத் தேசியத் திரைப்பட விருதில ஒரு பிரிவே 2016ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் வந்தது, முதல் விருது பீட்டர் ஹெயினுக்கு. ஒஸ்கார் இன்னும் மோசம், 2027இல வெளியாகிற படங்களிலயிருந்துதான் ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது எண்டு 2025இலதான் அறிவிச்சாங்க, நூறு வருஷமா அடி வாங்கினவனுக்கு.

ஹொங்கொங் காரர் இத எப்பவோ விளங்கி வச்சிருந்தாங்க. ஜாக்கி சானிட 1985 போலீஸ் படத்தில கடைத் தொகுதியில லைட் மாலை சுத்தின கம்பத்தில மேலயிருந்து கீழ சறுக்கிறார், உள்ளங்கைத் தோல் வெந்து போனது பிறகு அவரே சொன்ன கதை. அந்தக் காட்சிய முழு உடம்பும் தெரியிற மாதிரித் தள்ளி நிண்டு எடுத்து, திருப்பித் திருப்பி வேற வேற கோணத்தில போட்டுக் காட்டுவாங்க, "பாத்துக்கொள்ளு, வெட்டு இல்ல" எண்ட மாதிரி. அதோட ஜாக்கி எப்பவும் அடிச்ச பிறகு கைய உதறுவார் பாருங்க, ஆ எண்டு முகத்த வச்சு, கைய உதறி, ஊதி விட்டு... அந்த அரைச் செக்கன்தான் விஷயம், அடிச்சவனுக்கும் நோகும் எண்டு சொல்லுற ஹீரோ. எங்கட ஹீரோமார் இருபது பேர அடிச்சிட்டு சேட்டுக் கைய மடிச்சு விடுவாங்க, நோவே இல்ல.

இதுக்கு நேர் எதிரா 2004க்குப் பிறகு ஜேசன் போர்ன் எண்ட உளவாளியிட படங்களில கமராவ ஆட்டி ஆட்டி, செக்கனுக்கு ஒரு வெட்டு வெட்டி எடுக்கிற ஸ்டைல் வந்திச்சு, பிறகு எல்லாரும் அதயே பிடிச்சுக்கொண்டாங்க, சண்டை தெரியாத நடிகரயும் சண்டைக்காரனாக் காட்டலாம், லேசான வழி. ஆனா வெட்டு கூடக் கூட உடம்பிட தொடர்ச்சி அறுந்து போகுது, ஒரு ஆள் மூச்சு வாங்கிறதோ, கால் தடுமாறுறதோ, திரும்ப நிலை எடுக்கிறதோ ஒண்டும் மிஞ்சாது. அதுக்கு மருந்து மாதிரி 2011இல இந்தோனேசியாவிலயிருந்து சிலாத் சண்டை வச்ச ஒரு படமும், 2014இல ஜோன் விக்கும் வந்திச்சு. ஜோன் விக்க எடுத்த சாட் ஸ்டஹெல்ஸ்கி முந்தி கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்ட ஸ்டண்ட்காரர், அவருக்குத் தெரியும் எங்க வெட்டக் கூடாது எண்டு. கியானு அதில ஓடேக்க ஒரு வயசான ஆள் ஓடுற மாதிரித்தான் ஓடுவார், கொஞ்சம் பாரமா, எனக்கு அதுதான் பிடிக்கும்.

அதுக்காக உண்மையான சண்டைக்காரனக் கொண்டு வந்து நிப்பாட்டினா சரி எண்டும் இல்ல. எங்கட பக்கம் கிண்ணியா, மூதூரில சீனடி, சிலம்படி எண்ட சண்டைக்கலை விளையாடுற ஆக்கள் இருக்கிறாங்க, கலியாண வீட்டு ஊர்வலத்தில பாத்திருப்பீங்க. அதில ஒருத்தர வச்சு நாங்க ஒருக்கா ஃபோனில வீடியோ எடுத்தம், பாத்தா ஒண்டுமே தெரியேல்ல. அவ்வளவு வேகம், அவ்வளவு சின்ன அசைவு. நல்ல சண்டைக்காரன் தன்ர நோக்கத்த மறைக்கத்தான் பழகியிருக்கிறான், நடிகன் அதத் திறந்து காட்டோணும். இறுதிச்சுற்று படத்தில ரித்திகா சிங் நல்லா வந்தது ஏனெண்டா அவ உண்மையாவே கிக்பொக்சிங் செய்தவ எண்டதால மட்டும் இல்ல, சண்டை இல்லாத நேரத்திலயும், மீன் கடையில நிக்கேக்க, கோபப்பட்டு நடக்கேக்க எல்லாம் அந்த உடம்பு அவவ விட்டுப் போகேல்ல. சார்பட்டா பரம்பரை (2021) வந்த நேரம் இங்க டவுனில பெடியள் எல்லாம் அதில வாற டான்சிங் ரோஸ் எண்ட குத்துச்சண்டைக்காரர் மாதிரி ஆடித் திரிஞ்சாங்க, யாரும் அவர்ர குத்த நடிச்சுக் காட்டேல்ல, காலத்தான் காட்டினாங்க. அந்தக் காலிலதான் அந்தாள்ட திமிர், சிரிப்பு எல்லாம். ஆர்யா இடையில தொந்தி வச்சு, குடிச்சு, மூச்சு முட்டி நிக்கிற இடம் இல்லாட்டி கடைசிச் சண்டைக்குப் பாரமே வந்திராது எண்டதும் என்ர கணக்கு.

எங்கட அப்பப்பா காலத்து ஆக்களுக்கு இதெல்லாம் தேவையே இல்ல, எம்ஜிஆர் வாள் சுத்தினாப் போதும். கண்டிப் பக்கம் நாவலப்பிட்டியில பிறந்தவர் எண்டு அதுக்கும் ஒரு உரிமை கொண்டாடுவாங்க. ஆனா ஒண்டு சொல்லோணும், அந்தாள் சிலம்பம் முறையாப் பழகினவர், கம்பு கையில இருக்கேக்க மணிக்கட்டப் பாருங்க, மிச்சம் எல்லாம் ஸ்டைல், மணிக்கட்டு மட்டும் ஸ்டைல் இல்ல.

தமிழ்ப் படத்தில நான் கடுமையாக் குறை சொல்லுற ஒரு இடம் மூச்சு. கன காலமா பெரும்பாலும் எல்லாத்தையும் பிறகு டப்பிங்கிலதான் போடுறாங்க, நடிகர் ஏசி ரூமில கதிரையில இருந்து, முன்னால ஒரு திரையில தான் ஓடுறதப் பாத்துக்கொண்டு ஹ ஹ எண்டு மூச்சு வாங்கிறார். ஓடின நெஞ்சிலயிருந்து வாற மூச்சு வசனத்த இடையில வெட்டும், எச்சில் காஞ்சு சொல்லு ஒட்டும். கதிரையில வாங்கிற மூச்சு வசனத்துக்கு இடையில மரியாதையா வந்து போகும். கண் நம்பினாலும் காது காட்டிக்குடுத்திடும்.

நிஜம் எண்டா அப்பிடியே நிஜ வாழ்க்கை மாதிரி இருக்கோணும் எண்டு யாரும் நினைக்க வேண்டாம். கூத்துப் பாத்தவங்களுக்கு இது தெரியும். கூத்து ஆடுற வட்டக்களரியில ரெண்டு ராசாக்கள் சண்டை பிடிக்கேக்க வாள் ஒண்டில ஒண்டு தட்டுறதோட சரி, ஒருத்தருக்கும் காயம் இல்ல, ஒருத்தரும் அப்பிடிச் சண்டை பிடிக்கவும் மாட்டாங்க. ஆனா அந்த உடுப்புப் பாரத்தோட, சலங்கையோட, விடிய விடிய ஆடி, கூத்துப் பழக்கின அண்ணாவியார்ர மத்தளத்துக்குப் பிசகாமக் கால் வைக்கிற ஆள்ட வேர்வை, விடியப்புறம் மூண்டு மணிக்கு அவர்ர குரல் கம்முறது, அது எல்லாம் அங்க உண்மையா நடந்துகொண்டு இருக்கு. ராசா களைச்சிட்டார் எண்டு நாங்க நம்புறது, ஆடுறவர் களைச்சதால.

இனி தண்ணி. திருக்கோணமலைக்காரன் தண்ணியப் பற்றிக் கதைக்காம எழும்பேலாது. சுவாமி மலைக்குக் கீழ, போர்த்துக்கீசர் 1620களில இடிச்ச கோணேசர் கோயிலிட தூணும் கல்லும் கடலுக்கடியில கிடக்கிறத 1956இல மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் முக்குளிச்சுப் பாத்தாங்க. அதே வில்சன் 1962இல ரன்முத்து தூவ எண்டு ஒரு சிங்களப் படம் எடுத்தார், நாட்டிட முதலாவது முழுநீளக் கலர் சிங்களப் படம், காமினி பொன்சேகாவும் ஜோ அபேவிக்ரமவும் நடிச்சது, கடலடிக் காட்சி எல்லாம் எங்கட கடலில எடுத்தது. அதில கடலடியில போறவங்க மெதுவாப் போறாங்க, உடம்பு முழுக்க தண்ணியோட பேரம் பேசிக்கொண்டு போற மாதிரி ஒரு மெதுமை, மாமா அந்தப் படத்தப் பாக்கேக்க வாயே திறக்கேல்ல.

மற்றப் படங்களுக்கு வாய் மூடாது. தண்ணி காத்த விடக் கிட்டத்தட்ட 800 மடங்கு அடர்த்தி, அதுக்குள்ள ஹீரோ டிஷ்யூம் எண்டு குத்தினா மாமா சிரிப்பார், "அவன் குத்தினா அவன்தான்டா பின்னால போவான்." ஸ்டூடியோவில புகை அடிச்சு, ஆளக் கம்பியில கட்டித் தொங்க விட்டு, ஃபான் போட்டு, ஸ்லோமோஷனில எடுத்து தண்ணிக்கடி எண்டு காட்டுற பழைய வித்தை ஒண்டும் இருக்கு, தலைமயிர் மட்டும் அலையும், ஆனா உடம்பில மிதப்பு இருக்காது, வயிறு கீழ தொங்கும். அதோட நல்லா முக்குளிக்கத் தெரிஞ்சவன் மேல வந்தவுடன தலைய ஆட்டி ஹா எண்டு கத்த மாட்டான், முதல் கொஞ்சம் விட்டு, உடன இழுத்து, பிடிச்சு, திரும்ப விட்டு எண்டு கணக்காத்தான் மூச்செடுப்பான், கத்துறவன் மயங்கிப் போவான்.

இதில எனக்குப் பெரிய ஆச்சரியம் அவதார் ரெண்டாம் பாகம்தான். முழுக்க முழுக்கக் கம்பியூட்டரில செய்த நீல ஆக்கள், அங்க எதுக்கு உண்மை? ஆனா ஜேம்ஸ் கமரூன் நடிகர்கள உண்மையாவே பெரிய தொட்டித் தண்ணிக்குள்ள இறக்கினார். சிலிண்டர் வச்சா நீர்க்குமிழி கமராவக் குழப்பும் எண்டு எல்லாருக்கும் மூச்சடக்கப் பழக்கினாங்க, மேல விளக்கு வெளிச்சம் தண்ணியில தெறிக்காம இருக்க தொட்டி மேற்பரப்பு முழுக்க சின்னச் சின்ன வெள்ளைப் பந்தப் பரப்பி விட்டாங்க. கேட் வின்ஸ்லெட் பயிற்சியில ஏழு நிமிஷத்துக்கு மேல மூச்சடக்கினா. தோல், கண், காது எல்லாம் பொய், தண்ணி தள்ளுறத உடம்பு தாங்கிற விதம் மட்டும் உண்மை, அது மட்டுமே போதுமா இருந்திச்சு. கம்பியூட்டர் வந்து எல்லாத்தையும் கெடுத்திட்டுது எண்டு புலம்புறவங்க இத ஒருக்கா யோசிக்கலாம்.

ஆபத்தப் பற்றி முதலே சொன்னன், அத முடிச்சு விடுறன். 2018இல வந்த மிஷன் இம்பொசிபிள் படத்தில டொம் க்ரூஸ் லண்டனில கட்டிடம் விட்டுக் கட்டிடம் பாயேக்க கணுக்கால் முறிஞ்சுது, எழும்பி நொண்டிக்கொண்டு ஓடினார், அந்த ஷொட் அப்பிடியே படத்தில இருக்கு. சரி, நொண்டல் உண்மை. ஆனா எங்களுக்கு இந்தக் கரையில இருந்து பாத்தா எதிர்க்கரையில, நாகப்பட்டினம் பக்கம், 2025 ஜூலையில ஒரு தமிழ்ப் படத்துக்குக் கார் கவிழ்க்கிற ஸ்டண்டில ஒரு கலைஞர் செத்துப் போனார். கார் கவிழ்றதில தெரியிறது காரிட பாரம், உள்ள ஆள் இருக்கா எண்டு பாக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. லாய்ட் மெத்தை போட்டுத்தான் தொங்கினார், நூறு வருஷமாச் சனம் பாக்குது.

எங்கட குறும்படக் கதை என்ன ஆச்சு எண்டா, ரெண்டாந்தரம் போய்க் கேட்க சம்மாட்டி ஓமெண்டார், "ஆனா சூட்டிங் எண்டு சும்மா நிக்கேலாது தம்பி, இழுக்கோணும்" எண்டு. விடிய அஞ்சரைக்கே போயிட்டம். எங்கட ஹீரோ ரியூஷன் குடுக்கிற பெடியன், சோக்குக்கட்டிய விடப் பாரமா எதையும் தூக்காதவன். முதல் கால் மணித்தியாலம் முகத்தால நடிச்சான், பிறகு நடிக்க நேரம் இல்ல, மற்ற ஆக்களட தாளத்துக்கு இடுப்பக் குடுக்காட்டி கயிறு இவனயும் சேத்துக் கடலுக்கு இழுக்குது. வலையில மீன் சேருற மடி கரைக்கு வர ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல ஆச்சு. நாங்க எடுத்தது எல்லாம் பரவாயில்ல ரகம்தான், கமரா ஆட்டம், வெயில் எதிர்ல. ஆனா எல்லாம் முடிஞ்சு மணலில இருக்கேக்க யாரோ அவனுக்கு பிளேன்ரீ குடுத்தாங்க, விரல் மடியுதில்ல, கோப்பையப் பிடிக்கேலாம ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில வச்சு குழந்தைப்பிள்ள மாதிரிக் குடிச்சான். கமரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கு, ஒருத்தருக்கும் தெரியாது. அதத்தான் முதல் காட்சியா வச்சம்.

மாமாக்குத் திரும்பப் போட்டுக் காட்டினன். கயித்தப் பற்றியோ நடிப்பப் பற்றியோ ஒண்டும் சொல்லேல்ல, கொஞ்ச நேரம் பாத்திட்டு, "அண்டைக்கு என்ன மீன்டா பட்டது?" எண்டார்.

சூடைதான் மாமா, அதுவும் கொஞ்சம்.